தொதலுக்குச் சீனி வருத்தம்

நுரைச்சோலை
6.2.2011

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் சுகம். நீங்களும் மழையில் நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடி இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். முழங்கால் நோவு எப்படி? தைலப் போத்தலைப் பையின் அடியில் வைத்தேன், கண்டீர்களா?

அனல்மின் நிலையத்து வேலையாட்களின் விடுதிக்குக் காலையில் இடியப்பம் கொடுப்பது நிற்கவில்லை. ஆட்கள் கூடியதால் இன்னும் ஐம்பது கேட்கிறார்கள். கை வலிக்கிறது, ஆனால் வேலை இருப்பது நல்லதுதானே.

உங்கள் பூனைதான் ஒரு மாதிரி இருக்கிறது. வாளிக்குள் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்கிறது, மூத்திரம் பெய்கிறது, திரும்பவும் வந்து குடிக்கிறது. நேற்று அரிசிச் சாக்கிலேயே பெய்துவிட்டது. வைக்கிற சோற்றையெல்லாம் வழித்துத் தின்கிறது. ஆனாலும் முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டுகிறது. நீங்கள் தொதல் என்று பெயர் வைத்தபோது உண்மையிலேயே தட்டில் கொட்டிய தொதல் இனிப்புமாதிரிப் பளபளவென்று கறுத்து உருண்டிருந்த பூனை. இப்போது பின்னங்கால் பாதம் முழுவதும் நிலத்தில் படிய, குந்திக் குந்தி நடக்கிறது.

பக்கத்து வீட்டுப் பாக்கியம்மாக்கா பார்த்துவிட்டு, “உம்மட மனிசனத் தேடி ஏங்குது பிள்ளை” என்றார். ஏங்கினால் இவ்வளவு தின்னுமா?

ஊரில் கட்டுகிற வீட்டுக்குக் கூரை போட்டதும் வரச் சொல்லி எழுதியிருந்தீர்கள். இங்கே வெங்காயத் தோட்டத்து வேலைக் காலம் முடியட்டும், பார்ப்போம்.

உங்கள்,
றுக்கியா


மறிச்சுக்கட்டி
20.2.2011

அன்பின் றுக்கியா,

வ அலைக்கும் சலாம். தைலம் கிடைத்தது, முழங்காலும் சொன்னபடி கேட்கிறது. உன் கை வலிக்கு நீயும் கொஞ்சம் பூசிக்கொள்.

காடு தின்ற வளவை ஒருவழியாக மீட்டுவிட்டேன். பழைய அத்திவாரத்தில் பாதி நல்ல நிலையில் இருந்தது, அதன்மேலேயே சுவரை எழுப்பினேன். இருபது வருடமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் கல் வைத்த கை, இப்போதுதான் தன் வீட்டுக்கு வைக்கிறது. கிணற்றை இறைத்தோம். தண்ணீரில் உப்பே இல்லை, நுரைச்சோலைத் தண்ணீரைவிட இனிப்பு. குசினியைக் கிழக்குப் பக்கம் வைத்திருக்கிறேன், புகை உன் கண்ணில் அடிக்காது. தகரமும் வந்துவிட்டது.

இங்கே போன் எடுபடாது. குளத்துக்கட்டில் ஏறி நின்றாலும் ‘ஹலோ, ஹலோ’ மட்டும்தான். அதனால் எல்லாவற்றையும் எழுது.

தொதலுக்கு வயிற்றில் பூச்சியாக இருக்கும். பேக்கரிப் பாணைத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடு, அவனுக்கு அதுதான் பிடிக்கும். பிள்ளை இல்லாத வீட்டில் அவன்தானே பிள்ளை, அடிக்காதே.

அன்புடன்,
தாஹிர்


நுரைச்சோலை
5.3.2011

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். நலம் கேட்கவும் கை ஓடவில்லை, மன்னியுங்கள்.

தொதல் வீட்டில் இல்லை. பதறவேண்டாம், உயிரோடு இருக்கிறான். புத்தளத்தில் மிருக வைத்தியரிடம் விட்டு வந்திருக்கிறேன்.

முந்தாநாள் சாப்பாட்டை விட்டான். நேற்று முழுவதும் சத்தி எடுத்தான். இன்று காலை இடியப்பம் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் கட்டிலுக்கடியில் சுவரைப் பார்த்தபடி கிடக்கிறான். இழுத்து மடியில் போட்டேன். தோலைப் பிடித்துத் தூக்கினால் தூக்கியபடியே நிற்கிறது. வாயிலிருந்து அழுகிய பழமும் நகப்பூச்சு அழிக்கிற மருந்தும் கலந்தமாதிரி ஒரு வாடை. சந்தைக் கூடைக்குள் என் பழைய சீத்தைத் துணியை விரித்து அவனை வைத்து, ஸியாத்தின் ஓட்டோவைக் கூப்பிட்டேன்.

“ராத்தா, ஒரு பூனைக்கா புத்தளம் மட்டும் போறம்?” என்றான்.

“நீ ஓட்டு தம்பி” என்றேன்.

டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை, வயது முப்பது இருக்காது. தமிழ் கொஞ்சம் பேசுகிறாள். காது நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து, மனிதர்களுக்குப் பார்க்கிற அதே மெசினில் வைத்தாள். முகம் மாறிவிட்டது.

“அம்மா, இவருக்குச் சீனி வருத்தம், டயபடீஸ். ரொம்பக் கூட. ரத்தமே புளிச்சுப்போச்சு. உடம்பில தண்ணியும் இல்ல.”

“இவருக்குப் பேரே தொதல்தான்” என்றேன். ஏன் அந்த நேரத்தில் அப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. அவள் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: “பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். பிழைச்சா ஒவ்வொரு நாளும் காலையும் பின்னேரமும் நீங்க ஊசி போடணும். ஏலாட்டிச் சொல்லுங்க. நோவு இல்லாம நித்திரையாக்கலாம்.”

ஊசியைக் கண்டால் நான் எப்படி ஆவேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நீங்கள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால்தானே எனக்கு ஊசி போடுவார்கள்.

“ஏலும்” என்றேன்.

முன்னங்காலில் மயிர் வழித்துச் சேலைன் ஏற்றினார்கள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், சத்தம் போடவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. திரும்பி வரும்போது வெறுங்கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

துஆச் செய்யுங்கள்.

றுக்கியா


நுரைச்சோலை
12.3.2011

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களிடமிருந்து பதில் இல்லை. சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

அல்ஹம்துலில்லாஹ், தொதல் வீட்டுக்கு வந்துவிட்டான். மூன்றாம் நாள் டொக்டர் மீனைக் கையில் வைத்து நீட்டியதும் நக்கியிருக்கிறான். நான் போனபோது கூட்டுக்குள் இருந்து கத்தினான் பாருங்கள், அந்தக் கிளினிக்கில் இருந்த நாய்கள் எல்லாம் வாயை மூடிவிட்டன.

ஊசி விஷயம் சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. முதல் நாள் மருந்தை எடுத்த உடனேயே கண் இருட்டியது. பாக்கியம்மாக்காவைக் கூப்பிட்டேன். மௌத்தாகிப்போன அவருடைய மனிசனுக்குச் சீனி ஊசி எத்தனையோ வருடம் போட்டவர்தானே. கருவாடு காயவைத்த கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“நான் போடமாட்டன் பிள்ளை. நீர்தான் போடவேணும். நாளைக்கு நான் தலவில் கோயிலுக்குப் போனா ஆர் போடுறது? தோலைக் கிள்ளித் தூக்கும். கூடாரம்மாதிரி வரும். அதுக்குள்ள.”

கிள்ளித் தூக்கினேன். பிஸ்மி சொன்னேன். குத்தினேன். அவன் தட்டிலிருந்த மீனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை! நான்தான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். அன்று பின்னேரம் தனியாகப் போட்டேன்.

இனி அவனுக்குச் சோறு இல்லை, பாண் இல்லை, உங்கள் தேத்தண்ணியும் இல்லை. அவித்த சூடை மீன், கோழி ஈரல், முட்டை. மருந்தைக் குளிரில் வைக்கவேண்டும், பாக்கியம்மாக்காவின் பிரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

பதில் போடுங்கள்.

றுக்கியா


மறிச்சுக்கட்டி
24.3.2011

அன்பின் றுக்கியா,

வ அலைக்கும் சலாம். ஆறு பெருகி, எழுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடியதால் பஸ்ஸும் இல்லை, தபாலும் இல்லை. உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. அவசரத்தில் பிந்தியதை முந்திப் பிரித்துவிட்டேன். அதனால் அவன் பிழைத்தது தெரிந்த பிறகுதான் அவன் சாகக் கிடந்ததைப் படித்தேன். அப்படியிருந்தும் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். கூட வேலை செய்தவர்கள், “என்ன நானா, வீட்டில மௌத்தா?” என்று கேட்டுவிட்டார்கள்.

நீ ஊசி போட்டாய் என்று அவர்களுக்குச் சொன்னேன். யாருக்கும் அதில் ஒரு அதிசயமும் தெரியவில்லை. எனக்குத்தானே தெரியும். ‘உங்கள் பூனை’ என்று எழுதிக்கொண்டிருந்தவள் ‘தொதல்’ என்று எழுதுகிறாய், அதையும் கவனித்தேன்.

கூரை முடிந்தது. சித்திரையில் ஸியாத்தின் ஓட்டோவில் பஸ் நிலையம் மட்டும் வந்தால் போதும், புத்தளத்திலிருந்து மத்தியானத்துக்கு முன் இங்கே ஒரு பஸ் வருகிறது. அவனையும் கூடையில் கொண்டு வா. அவனுக்கும் இடம் மாறினால் தெம்பு வரும்.

தாஹிர்


நுரைச்சோலை
7.4.2011

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். இந்த வெயிலில் நீங்கள் தலையில் துணி கட்டாமல் வேலை செய்வது இங்கிருந்தே தெரிகிறது. கட்டுங்கள்.

போன வெள்ளிக்கிழமை பெரிய பயம் ஒன்று வந்துபோனது. காலையில் சாப்பிட்டான், ஊசி போட்டேன். நான் இடியப்பக் கூடையோடு வெளிக்கிடப் பார்க்கும்போது சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் குடிகாரன்மாதிரித் தள்ளாடினான். பிறகு விழுந்து உதறத் தொடங்கினான். டொக்டர் முன்னமே சொல்லித் தந்திருந்தாள்: மருந்து உள்ளே போய்ச் சாப்பாடு தங்காவிட்டால் சீனி ஒரேயடியாக இறங்கிவிடும், அப்போது இனிப்புத்தான் மருந்து. தேன் போத்தலை உடைக்காத குறையாகத் திறந்து விரலில் தோய்த்து அவன் பல் முரசில் தேய்த்தேன். கடித்துவிட்டான். இரத்தம் வந்தது, விடவில்லை, தேய்த்துக்கொண்டே இருந்தேன். “தொதல், தொதல், வாப்பாட மகன், பாரு என்னைய” என்று நான் கத்தினது தெருவுக்குக் கேட்டிருக்கும். மெல்ல மெல்ல உதறல் நின்றது. தலையைத் தூக்கி உதட்டை நக்கினான். அன்று விடுதிக்காரர்களுக்கு இடியப்பம் பிந்தித்தான் போனது. ஒருவரும் கோபிக்கவில்லை. கோபித்திருந்தாலும் எனக்குக் காரியமில்லை.

அங்கே கரண்ட் இல்லை. மருந்தைக் குளிரில் வைக்காவிட்டால் கெட்டுவிடும். அதனால் சித்திரையில் வரமுடியாது.

றுக்கியா


மறிச்சுக்கட்டி
21.4.2011

அன்பின் றுக்கியா,

வ அலைக்கும் சலாம். விரல் ஆறிவிட்டதா? பூனைக்கடியைச் சும்மா விடாதே, ஊசி போட்டுக்கொள். இப்போது உனக்கு ஊசிப் பயம் இல்லையே.

கரண்டுக்கு வழி கண்டுவிட்டேன். சிலாவத்துறை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற உசனாரைக் கேட்டேன். கரண்ட் இல்லாத ஊர்களில் சீனி வருத்தக்காரர் எப்படி மருந்து வைக்கிறார்கள் என்று சொல்லித் தந்தார். பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டி, இடையில் ஆற்றுமணல், மணலை ஈரமாக வைத்திருக்கவேண்டும். மேலே நனைத்த சாக்கு. செய்து குசினி மூலையில் நிழலில் வைத்திருக்கிறேன். உள்ளே கையை விட்டால் கிணற்றுக்குள் விட்டதுபோல இருக்கிறது. மருந்துக்கு இது போதுமாம்.

நாய், நரி வராமல் பின்கதவுக்குக் கம்பிவலையும் அடித்துவிட்டேன். இங்கே குளத்தில் மீன் மலிவு. இனி என்ன?

தாஹிர்


நுரைச்சோலை
5.5.2011

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். நலம், நலமறிய ஆவல்.

தொதல் நன்றாக இருக்கிறான். உடம்பு வைக்கிறது. மாதாமாதம் டொக்டரிடம் காட்டவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

சட்டி நல்ல யோசனை.

றுக்கியா


மறிச்சுக்கட்டி
18.6.2011

அன்பின் றுக்கியா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகம் என்று நம்புகிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு ஆறும் காரணமில்லை, பாலமும் காரணமில்லை. உன் கடிதம் கண்டு கோபம் வந்தது. கோபத்தோடு எழுதக்கூடாது என்று வைத்துவிட்டேன்.

போன கிழமை பின்வளவைத் துப்பரவாக்கும்போது ஆடு கட்டிய கட்டை அகப்பட்டது. கறையான் அரித்தது போக மிச்சம். அதை எறிய மனம் வரவில்லை, குசினிச் சுவரில் சாய்த்து வைத்தேன். தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம் ஆட்கள் எல்லோரையும் ஊரைவிட்டு வெளியேறச் சொன்ன அன்றைக்கு ஆட்டை நீதான் அவிழ்த்துவிட்டாய். பிறகு வெள்ளைப் பூனையைக் கூப்பிட்டுக்கொண்டு வாசலில் நின்றாய். அது வேலிக்கு அப்பால் நின்று பார்த்தது, வரவில்லை. ஊர் முழுவதும் நடக்கத் தொடங்கிவிட்டது. நான்தான், “வா, வா” என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குப் பிறகு இந்த இருபது வருடத்தில் நீ அந்தப் பூனையைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் வீடு கட்டுகிறேன் என்றபோதும் உன்னிடம் கேட்கவில்லை. சொன்னேன், அவ்வளவுதான்.

தொதலுக்காக நீ வராமல் இருக்கிறாய் என்று நான் நம்பவில்லை றுக்கியா. உள்ளதை எழுது. எழுத ஏலாவிட்டால் விடு, பாவம் அவன் தலையில் மட்டும் போடாதே.

தாஹிர்


நுரைச்சோலை
6.7.2011

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்கும் சலாம். கோபம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் சுகம்.

முதலில் நல்ல செய்தி. ஒரு மாதமாக டொக்டர் மருந்தைக் குறைத்துக் குறைத்து வந்தாள். நேற்றுக் காதில் குத்திப் பார்த்துவிட்டு மெசினை என் பக்கம் திருப்பினாள். “அம்மா, பாருங்க! ஊசி இல்லாமலே சீனி சரியா இருக்கு!” சில பூனைகளுக்கு இப்படி நடக்குமாம். திரும்பி வரவும் கூடுமாம், தண்ணீர் குடிப்பதைக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும், சோறும் பாணும் கண்ணிலும் காட்டக்கூடாது. நான் அழுதுவிட்டேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இவரு ராஜா” என்றாள். ராஜா கூடைக்குள் இருந்து அவளைச் சீறினான். இப்போது பாதத்தை ஊன்றி நேராக நடக்கிறான். நேற்று மதிலில் ஏறிவிட்டான்.

ஆக, இனிச் சொல்ல எனக்கு ஊசியும் இல்லை, பிரிட்ஜும் இல்லை.

அந்த வெள்ளைப் பூனைக்கு ஒரு சட்டி சோறு வைத்துவிட்டுத்தான் நடந்தேன். நாலைந்து நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். காட்டுப் பாதையால் நடக்கும்போதெல்லாம் அந்தச் சோறு அத்தனை நாளைக்குக் காணுமா, காணாதா என்று அதையே கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தேன். போகச் சொன்னவர்கள் எப்போது திரும்பலாம் என்று சொல்லவில்லையே மச்சான்.

இங்கே வந்த புதிதில் ஓலைக் குடிலில் ஒரு கூரை ஒழுகி முடிய அடுத்த கூரை. ‘அகதிப் பொம்பிளை’ என்று சொன்னவர்களின் பிள்ளைகளுக்கே இன்று பெருநாளைக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறேன். வாங்க வருகிறவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இதை உண்டாக்க எனக்கு இருபது வருடம் போனது. உங்களுக்கு அங்கே ஊர் திரும்பக் கிடைக்கிறது. எனக்கு அது இன்னொரு முறை எழும்பிப் போவது. அதே பாதை, அதே காடு.

நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. நீங்கள் தனியே சமைத்துத் தின்பது எனக்கு இங்கே இறங்குவதில்லை. ஆனால் வருகிற பஸ்ஸைப் பற்றி எழுதினீர்களே, திரும்புகிற பஸ்ஸைப் பற்றி ஏன் எழுதவில்லை? அதை எழுதுங்கள். இந்தக் கதவை நான் பூட்டி, திறப்பை நானே வைத்திருந்து, மனம் வரும்போது வந்து திறக்கலாம் என்று தெரிந்தால் நோன்புக்கு வருகிறேன்.

உங்கள்,
றுக்கியா


மறிச்சுக்கட்டி
19.7.2011

அன்பின் றுக்கியா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சந்திக்கு நடந்துபோய்க் கொண்டக்டரிடமே கேட்டேன். புத்தளத்துக்குப் பஸ் காலை ஏழு மணிக்கு, பள்ளிவாசலுக்கு முன்னால். வெள்ளிக்கிழமையும் உண்டு. ஆறு பெருகினால் மட்டும் இல்லை. “ஆர் போகப்போறாங்க?” என்றார். “எங்கட வீட்டில. எப்ப எண்டு தெரியாது. அவங்க நினைக்கிற நேரம்” என்றேன்.

நீ புறப்படும் நாளில் ‘ஏன்’ என்று கேட்கமாட்டேன். கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தி மட்டும் நான் வருவேன்.

தாஹிர்


நுரைச்சோலை
18.9.2011

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பையும் பெருநாளையும் உங்களோடு கழித்துவிட்டு, நானும் தொதலும் இங்கே சுகமாகத் திரும்பி வந்து சேர்ந்தோம். உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள், கிணற்றில் நீங்கள் தண்ணீர் அள்ளும்போது அது படுகிற பாட்டை நேரில் கண்டேன்.

எழுவன்குளத்துச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரப் பொடியன் கூடையில் என்ன என்று சிங்களத்தில் கேட்டான். “பூசா” என்றேன், பூனை என்று. நம்பவில்லை. திறந்தேன். தொதல் எழும்பி அவன் தோளில் தொங்கிய துவக்கை மணந்தான். சீனி வருத்தம் வந்து பிழைத்த பூனை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவன் மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினான். அவனுடைய அம்மாவுக்கும் சீனிதானாம், சோற்றைக் குறைக்கச் சொன்னால் கேட்கிறாளில்லையாம். பஸ் முழுவதும் சிரித்தது. அந்தப் பாதையில் நான் சிரிப்பேன் என்று யாராவது முன்னம் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

உங்களிடம் சொல்லாத ஒன்று: அங்கே முதல் கிழமை முழுவதும் என் பையை நான் அவிழ்க்கவே இல்லை. உடுப்பை ஒவ்வொன்றாக எடுத்து, தோய்த்து, காய்ந்ததும் திரும்ப மடித்து உள்ளே வைத்தேன். நீங்கள் கண்டும் காணாததுமாதிரி இருந்தீர்கள். இரண்டாம் கிழமை தொதல் அந்தப் பைக்குள்ளேயே படுக்கத் தொடங்கியதால் உடுப்பை அலுமாரியில் வைக்கவேண்டியதாகிவிட்டது.

இங்கே வந்து கதவைத் திறந்தேன். வீடு நான் விட்டபடியே இருந்தது. தண்ணீர்ப் பானையில் தூசி, சுவரில் பல்லி, வேறொன்றும் இல்லை. நடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, யாரும் போகச் சொல்லவில்லை. இருந்து இருந்து அலுத்துப்போய் எழும்பித் தேத்தண்ணி வைத்தேன்.

நேற்றுத் தொதலைக் காட்டினேன். சீனி கூடவில்லை. “எங்க கூட்டிட்டுப் போனீங்க? நல்லாக் கொழுத்திருக்கார்” என்றாள் டொக்டர். “ஊருக்கு” என்றேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னம் வருகிறோம். உங்கள் பக்கம் சந்தியில் கடை போடுகிறவர்கள் காலையில் காய்ந்த பாணைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. விடுதிக்காரர்களுக்கு அவிப்பதைப் பாக்கியம்மாக்காவின் மகளும் நானும் மாறி மாறிப் பார்ப்பதாகப் பேசிவிட்டோம். இடியப்பத் தட்டுகளில் பாதியை இங்கே வைத்துவிட்டு, பாதியை அங்கே கொண்டுவரக் கட்டி வைத்திருக்கிறேன். அவற்றுக்குக் குசினியில் ஒரு பலகை அடியுங்கள், என் கைக்கு எட்டுகிற உயரத்தில்.

உங்கள்,
றுக்கியா